சொல்லாமல் விட்ட செவ்வாய்க்கிழமை

அந்த இல்லத்தில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. வார்டன் போட்ட முதல் விதி அது. வாசலில் பலகை கிடையாது. தெருவில் போகிறவர்களுக்குப் பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கு மாதிரித்தான் தெரியும். உள்ளே இருந்த பதினான்கு பெண்களும் புருஷனிடமிருந்தோ அப்பனிடமிருந்தோ தப்பி வந்தவர்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். எந்த மாத்திரை எதற்கு என்று மனப்பாடமாகச் சொல்பவள் டாக்டர். குறட்டையால் ஜன்னல் கண்ணாடியை அதிரவைப்பவள் லாரி. துணி தேய்க்கும் கடையில் வேலை பார்த்தவள் இஸ்திரி. அவளுடைய ஆறு வயது மகள் எல்லோருக்கும் பாப்பா.

நடனம் சொல்லித்தர வந்தவளுக்கும் முதல் நாளே பெயர் விழுந்தது.

"டான்ஸ் மாஸ்டர் வராருன்னு சொன்னாங்க. மீசையோட ஒருத்தர் வருவாருன்னு பயந்துகிட்டு இருந்தோம்" என்றாள் லாரி. "நீங்களா மாஸ்டர்?"

அன்றிலிருந்து அவள் மாஸ்டர்தான்.

மாஸ்டருக்கு நாற்பத்தொரு வயது. அச்சகத்தின் மேல்மாடியில் இயங்கிய ஒரு நவீன நடனக் குழுவில் பதினெட்டு வருடம் ஆடியவள். அந்தக் குழுவின் ஆட்டத்தில் கதை கிடையாது, அலங்காரம் கிடையாது. நடப்பது, விழுவது, எழுவது, ஒருவர் மேல் ஒருவர் சாய்வது, அவ்வளவுதான். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போது ஒத்திகைத் தரை லேசாக நடுங்கும். வெறும் பாதத்தில் அந்த நடுக்கம் ஏறும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய கணுக்காலில் தசைநார் கிழிந்தது. ஒட்டிய பிறகும் குதித்து இறங்க முடியவில்லை. குழுவின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "மேடை போதும். நீ வெளிய போய் ஜனங்களுக்குச் சொல்லிக்குடு. அதுவும் நம்ம வேலைதான்" என்றார். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியது போலிருந்தது.

திங்கட்கிழமை காது கேளாத பிள்ளைகளின் பள்ளி. புதன்கிழமை முதியோர் இல்லம். செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை, பெயர்ப்பலகை இல்லாத இந்த வீடு.

முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பாட்டுப் போட்டாள். ஒருத்தரும் அசையவில்லை. பதினான்கு பேரும் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி அவளையே பார்த்தார்கள். ஃபினாயில் வாசனை கண்ணைக் கரித்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் பாட்டை நிறுத்திவிட்டு, காய்ந்து கிடந்த படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துவந்து, "இத மடிக்கணும். யாராவது அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

இஸ்திரி எழுந்து வந்தாள். ஒல்லியான உடம்பு, முப்பதுக்குள் வயது. இரண்டு நுனியைப் பிடித்து ஒரு உதறு உதறினாள் பாருங்கள், கூடம் முழுக்கக் காற்று வந்தது. மடித்து, மடித்து, நடந்து வந்து மாஸ்டரின் கையில் நுனியைச் சேர்த்து, குனிந்து கீழ் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கடையில் பத்து வருடம் பழகிய கை.

"இன்னொரு தடவை. விரிப்பு இல்லாம" என்றாள் மாஸ்டர்.

இல்லாத விரிப்பை இருவரும் மடித்தார்கள். டாக்டர் குபீரென்று சிரித்தாள். பிறகு அவளே எழுந்து லாரியை இழுத்துக்கொண்டு வந்தாள். அன்று நான்கரை மணிக்குள் ஏழு ஜோடிகள் காற்றை மடித்துக்கொண்டிருந்தன.

இஸ்திரியின் இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து, வைத்தியம் பார்க்காமலே கோணலாகக் கூடியிருந்தது. தூக்கும்போது கை வெளிப்பக்கமாக ஒரு திருகு திருகி, பாதியில் நின்றுவிடும். மாஸ்டர் அதைச் சரி செய்யப் பார்க்கவில்லை. அந்தத் திருகலையே ஓர் அசைவாக எடுத்துக்கொண்டு மற்ற பதின்மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுத்தாள். எல்லோருடைய கையும் பாதி தூரம் ஏறித் திருகி நின்றபோது இஸ்திரி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "என்ன மாஸ்டர், என் கைய எல்லாருக்கும் மாட்டிவிட்டுட்டீங்க?" என்றாள்.

அவளால் செய்ய முடியாத இன்னொன்று, பின்பக்கமாக நடப்பது. எங்கே போனாலும் அவள் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் நிற்பாள். முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் ஓர் அடி வைக்கச் சொன்னால் வியர்த்துவிடும். மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை. ஒரு மாதம் ஒரே ஒரு அடி. பிறகு மூன்று. மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இஸ்திரி பின்னோக்கி நடந்தாள். முடிவில் சாய்ந்தாள். ஆறு கைகள் அவளைத் தாங்கிக்கொண்டன. கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட கேள்வி, "யாரு, லாரியா பிடிச்சது? அதான் பாறாங்கல்லு மேல விழுந்த மாதிரி இருந்துச்சு."

இயக்குநர் இதைக் கேள்விப்பட்டு, குழுவின் வருடாந்தர நிகழ்ச்சியில் அவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் தருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. வார்டன் சுலபத்தில் மசியவில்லை. அவர் முன்பு சிறைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்தில் வாங்கினால்தான் நம்புவார். மாஸ்டரை எதிரே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார். படம் எடுக்கக் கூடாது. வீடியோ கூடாது. இல்லத்தின் பெயரோ இடமோ எங்கும் வரக் கூடாது. மேடையில் முகம் தெரியாத அளவுக்கு மங்கிய வெளிச்சம்தான். முகமூடி போடலாமே என்று வார்டன் கேட்டபோது இஸ்திரிதான் மறுத்தாள்.

"முகத்த மறைச்சுகிட்டு ஆடறதுக்கு நான் எதுக்கு அங்க வரணும்? அத வீட்டுலயே பண்ணிட்டுத்தான இருந்தேன்?"

ஐந்து மாதம் உழைத்தார்கள். பாப்பா எல்லா அசைவுகளையும் கற்றுக்கொண்டு, மறந்துபோகிறவர்களுக்கு ஓரத்திலிருந்து ஜாடை காட்டினாள். மேடைக்குப் போட்டுக்கொள்ளச் சாம்பல் நிறத்தில் பதினான்கு சட்டைகள் தைத்து வந்தபோது, இஸ்திரி அத்தனையையும் தானே தேய்த்து அடுக்கினாள். நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கையில், வரிசை கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க, மாஸ்டர் தன் கைபேசியில் நாற்பது விநாடி படம் பிடித்தாள். எல்லோரும் இல்லாத விரிப்பை மடித்து முடித்ததும், இஸ்திரி இடது கையைப் பாதி தூக்கியபடி பின்னோக்கி நடந்து காமிராவை நோக்கி வரும் இடம். முதுகு மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்கள் இருட்டில் நிழலாக நின்றார்கள். பார்த்துவிட்டு அழித்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தாள்.

அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் தான் ஆடிய எதுவும் அப்படி இருந்ததில்லை என்று தோன்றியது. அதை யாருக்காவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இயக்குநருக்கு அனுப்பினாள். "உங்களுக்கு மட்டும் சார்" என்று கீழே எழுதினாள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய திங்கட்கிழமை. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து வெளியே வந்து கைபேசியைத் திறந்தால், பழைய தோழிகள், கூட ஆடியவர்கள், யார் யாரோ வாழ்த்தியிருந்தார்கள். குழுவின் இணையப் பக்கத்தில் அந்த நாற்பது விநாடி ஏறியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். "இப்படி ஒரு முதுகை நான் பார்த்ததில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். "கை பாதியில் நிற்கும் இடத்தில் அழுதுவிட்டேன்" என்று இன்னொருவர். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். சந்தோஷமாக இருந்தது. பத்து நிமிடம் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தபோது, அவளால் எதை வேண்டுமானாலும் தாங்க முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்க முடியவில்லை.

பிறகுதான் வார்டனிடம் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது.

இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு மட்டும்னு எழுதினேனே சார்!"

"விளம்பரம் பாக்கற பொண்ணுகிட்ட காட்டினேன். அவ போட்டுட்டா போல. ஏன் பதறற? முகமே தெரியல, வெறும் முதுகு. இடமும் போடல. பாதி டிக்கெட் இதுலயே போயிடுச்சு தெரியுமா?"

"உடனே எடுத்துடுங்க சார். இப்பவே."

மாலைக்குள் எடுத்துவிட்டார்கள். அதற்குள் யார் யாரோ எடுத்து வேறு எங்கெங்கோ போட்டிருந்தார்கள். அதையெல்லாம் யாரால் பொறுக்கி எடுக்க முடியும்?

மாஸ்டர் தன் அக்காவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள். விஷயத்தைக் கேட்டதும் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"வார்டனுக்கு சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"போன எடு. இப்பவே சொல்லு."

"சொன்னா ஞாயித்துக்கிழம ஷோவ நிறுத்திடுவாங்க. அஞ்சு மாசமா அதுக்காகவே காத்துட்டு இருக்காங்க அவங்க. முகம் தெரியலக்கா. முதுகுதான்."

"அந்தக் கைய உடைச்சவனுக்கு அந்தக் கை தெரியாதாடி?"

மாஸ்டர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "நாளைக்கு நேர்லயே போய் சொல்லிடறேன்" என்றாள். அக்கா அவளையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை சொல்லத்தான் போனாள். வாசல் கதவு திறந்ததுமே பாப்பா ஓடிவந்து, "மாஸ்டர், அம்மா ராத்திரி தூக்கத்துல கூட டான்ஸ் ஆடினாங்க!" என்றாள். வார்டன் அறையில் யாரோ அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று கூடத்துக்குப் போனாள். அன்று எல்லாமே கூடிவந்தது. யாரும் அடி தவறவில்லை. லாரி கூட மூச்சு வாங்காமல் முடித்தாள். முடிந்ததும் பதினான்கு பேரும் கைதட்டிக்கொண்டார்கள், தங்களுக்குத் தாங்களே.

"மாஸ்டர் மூஞ்சி ஏன் வாடிக்கிடக்கு?" என்று இஸ்திரி கேட்டாள். "நாங்க நல்லா பண்ணலையா?"

"நல்லா பண்ணீங்க. கால் கொஞ்சம் வலிக்குது."

"உக்காருங்க. வெந்நீர் கொண்டாறேன்."

அவள் வெந்நீர் கொண்டுவந்து, துணியை நனைத்துப் பிழிந்து, மாஸ்டரின் கணுக்காலைச் சுற்றி வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. ஐந்து மணிக்கு வார்டன் அறையைத் தாண்டி வந்தாள். உள்ளே அவர் தனியாகத்தான் இருந்தார், ஏதோ எழுதிக்கொண்டு. நிமிர்ந்து பார்த்து, "என்ன மாஸ்டர், ஞாயித்துக்கிழமைக்கு எல்லாம் ரெடியா?" என்றார்.

"ரெடிங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வெளியே வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை முற்பகல், அச்சகத்தின் மேல்மாடிக்கு ஒருவன் படியேறி வந்தான். சுத்தமாகச் சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை. கையில் வண்ணம் தீட்டுகிற புத்தகம் ஒன்று. செருப்பைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"மன்னிச்சுக்குங்க, தொந்தரவு பண்றேன். என் பொண்ணுக்கு ஆறு வயசு. ஒரு இடத்துல நிக்க மாட்டா. டான்ஸ்ல சேக்கலாமான்னு கேக்க வந்தேன்."

சின்னப் பிள்ளைகளுக்கு இங்கே வகுப்பு இல்லை என்றாள் மாஸ்டர். அவன் சுவரில் இருந்த படங்களை மெதுவாகப் பார்த்தான். நீங்கள் வெளியிலும் போய்ச் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டேனே, எங்கெல்லாம் என்று கேட்டான்.

"அதெல்லாம் வெளிய சொல்றதில்லைங்க" என்றாள். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாள்.

"சரிதான், சரிதான். நாளைக்குப் பொண்ணக் கூட்டிட்டு வந்தா நீங்க பாத்துச் சொல்வீங்களா?"

"நாளைக்கு ரெண்டரைக்கெல்லாம் நான் கெளம்பிடுவேன். அதுக்கு முன்னாடி வாங்க."

"ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். நல்ல மனுஷன், பெண்ணுக்காக இவ்வளவு தூரம் வருகிறானே என்று அவள் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிவரை அவன் வரவில்லை. அவள் பேருந்து ஏறினாள். முன்வாசல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஞாயிறு நிகழ்ச்சிக்கு வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதிக்கொண்டே போனாள். பின்வாசலில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். வாசலைக் காக்கும் அம்மாள் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"மாஸ்டர், உங்க கூட வந்தவரு வெளியவே நிக்கறாரு. உள்ள விடட்டுமா?"

"என் கூட யாரும் வரலையே."

"டான்ஸ் டீச்சர் கூட ஒரே பஸ்ஸுல வந்தேன்னாரே? வெள்ள சட்ட. கையில பிள்ளைங்க புஸ்தகம்."

வியாழக்கிழமை வந்தவன் என்று மாஸ்டருக்குப் புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் இஸ்திரி ஜன்னலுக்குப் போய்விட்டாள். பலகை அடித்த ஜன்னல், விரற்கடை இடைவெளி. அதில் கண்ணை வைத்தாள். அவள் கத்தவில்லை. பின்னால் நகர்ந்தாள். சுவர் வந்து முதுகில் இடித்ததும் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அளவு பார்க்கப் போட்டிருந்த சாம்பல் சட்டையின் முன்பக்கத்தை உள்ளங்கையால் நீவினாள், நீவினாள், சுருக்கமே இல்லாத துணியை.

"பாப்பா எங்க?" என்றாள்.

பாப்பா முற்றத்தில் சாக்பீஸால் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். டாக்டர் பாய்ந்து போய் அவளை வாரி எடுத்து வந்தாள். வார்டன் போலீசுக்குப் பேசினார். அவர்கள் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வாசலில் நின்றவன் போய்விட்டான். கதவுக்கு வெளியே தரையில் அந்த வண்ணப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் பாப்பாவின் உண்மையான பெயரை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்.

வார்டன் மாஸ்டரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது விநாடி, இயக்குநர், திங்கட்கிழமை, வியாழக்கிழமை வந்தவன். சொல்லி முடிக்கும்வரை வார்டன் குறுக்கிடவில்லை.

"திங்கக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"செவ்வாக்கிழம இங்க வந்தீங்க. ரெடியான்னு நான் உங்களக் கேட்டேன்."

"கேட்டீங்க."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா அன்னிக்கே அவள வேற ஊருக்கு அனுப்பியிருப்பேன். நிதானமா, பள்ளிக்கூடமெல்லாம் பாத்து. இப்ப அர மணி நேரத்துல அனுப்பணும்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இது பதினாலு பேர் வீடு மாஸ்டர். இப்ப ஒருத்தனுக்கு இந்த வாசல் தெரியும். ஒருத்தனுக்குத் தெரிஞ்சா எத்தன பேருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது."

படுக்கை அறையில் இஸ்திரி ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அவசரத்திலும் ஒவ்வொன்றையும் மடிப்புக் கலையாமல் வைத்தாள். பாப்பா கட்டிலில் உட்கார்ந்து, "ஞாயித்துக்கிழம டான்ஸுக்கு வந்துடுவோம்ல?" என்று யாரிடமென்றில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் வாசலிலேயே நின்று, "நான்தான் எடுத்தேன். நான்தான் அனுப்பினேன். தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லல" என்றாள்.

இஸ்திரி நிமிரவில்லை. "வார்டன் சொன்னாங்க."

"என்னத் திட்டு. ஏதாவது சொல்லு."

"திட்டறதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்ல மாஸ்டர். இந்த ஜிப்பு மாட்டிக்குது, கொஞ்சம் பிடிங்க."

மாஸ்டர் பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தாள். இஸ்திரி ஜிப்பை இழுத்தாள். இருவருடைய கைகளும் ஒன்றையொன்று தொட்டன.

"செவ்வாக்கிழம கால் வலிக்குதுன்னீங்களே" என்றாள் இஸ்திரி, அப்போதுதான் முதல் தடவையாக முகத்தைப் பார்த்து. "அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

ஆமாம் என்று மாஸ்டர் தலையசைத்தாள்.

இஸ்திரி பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்வாசலில் நின்ற வண்டியில் ஏறிப் போய்விட்டாள். எந்த ஊர் என்று வார்டனைத் தவிர யாருக்கும் தெரியாது. தேய்த்து அடுக்கிய சட்டைகள் கூடத்து மேஜையில் இருந்தன. லாரி ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து அழுதாள். டாக்டர்தான் மாஸ்டரிடம் வந்து, மெதுவாக, கிட்டத்தட்ட பிரியமாகச் சொன்னாள்: "நீங்க போயிடுங்க மாஸ்டர். இனிமே வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்களில் ஒருவரும் மேடைக்கு வரவில்லை. பன்னிரண்டு நிமிடத்தை நீக்கிவிடச் சொல்ல மாஸ்டர் காலையிலேயே அரங்கத்துக்குப் போனாள். அங்கே குழுவின் ஆட்டக்காரர்கள் இல்லாத விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் இடது கையைத் திருகி, பாதியில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் சொல்லிக்குடுத்தது இத?"

"வீடியோவப் பாத்துத்தான்" என்றார் இயக்குநர். "ஜனங்க இதுக்குத்தான் வராங்க. அவங்க வர முடியாதது வருத்தம்தான். அவங்க சார்பா நாம ஆடறோம்னு ஆரம்பத்துல சொல்லிடுவோம்."

"அது ஒருத்தியோட ஒடஞ்ச கை சார்."

"அதனாலதான் அது நல்லா இருக்கு."

அவர் கெட்டவரில்லை. அதை அவர் உணர்ந்துதான் சொன்னார், கண் கலங்கிச் சொன்னார். அதுதான் மாஸ்டருக்குத் தாங்க முடியவில்லை. ஆறு நாளைக்கு முன்னால் தானும் அப்படித்தான் இருந்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கத்தினாள், விளக்குக்காரரிடம் கெஞ்சினாள், ஆட்டக்காரர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னாள். அவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். மூன்று மணிக்குத் திரை விலகியது. அவள் ஓரத்தில் நின்று பார்த்தாள். நல்ல தேர்ச்சியான உடம்புகள், எல்லாக் கைகளும் சரியான இடத்தில் நின்றன. பின்னோக்கி நடந்தவள் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்த நாள் அவள் குழுவின் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். நடந்ததை நாள்வாரியாக எழுதி, முதலில் தன் பெயரையே குற்றவாளியாகப் போட்டாள். ஒரு கூட்டம் நடந்தது. "தகவல் தொடர்பில் ஏற்பட்ட குறைபாடு" என்று தீர்மானம் எழுதினார்கள். வெளிவகுப்புகள் அனைத்தையும் ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். ஆக, காது கேளாத பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும்கூட இல்லாமல் போயிற்று. மாஸ்டர் விலகினாள். அக்காவின் மருத்துவமனையில், எலும்பு முறிவுக்குப் பிறகு வருபவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பிரிவில் உதவியாளர் வேலை கிடைத்தது. அக்கா ஒருநாளும் "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் வார்டனே கூப்பிட்டார்.

"நீங்க இஸ்திரிக்கு வாராவாரம் கடிதம் எழுதறீங்க. அத நிறுத்தணும்னுதான் கூப்பிட்டேன். குடுக்கறதுக்கு ஆள் இல்ல."

"அவ எப்படி இருக்கா?"

"திரும்பிப் போயிட்டா."

"எங்க?"

"அவன்கிட்டயே. புது ஊர்ல ரெண்டு மாசம் இருந்தா. பாப்பா பேச்சையே விட்டுடுச்சு. பள்ளிக்கூடத்துல எப்பவும் வாசலையே பாத்துகிட்டு உக்காந்திருக்குன்னு சொன்னாங்க. ஒருநாள் அவ என்னக் கூப்பிட்டு, 'எங்க போனாலும் கண்டுபிடிச்சிடுவான் வார்டனம்மா. தேடி வந்து அடிக்கறதுக்கு, பக்கத்துலயே இருந்தா எப்ப அடிப்பான்னாவது தெரியும்'னா. நான் எவ்வளவோ பேசினேன். மறுநாள் போயிட்டா."

"அட்ரஸ் குடுங்க. நான் போய்..."

"மறுபடியும் வழி காட்டவா?" என்றார் வார்டன். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது போலும்; குரல் தணிந்தது. "நம்ம நம்பர் அவளுக்கு மனப்பாடம். எப்ப வேணா கூப்பிடலாம். சில பேரு ரெண்டாவது தடவ வெளிய வருவாங்க. சில பேரு அஞ்சாவது தடவ. சில பேரு..." அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"அவ கூப்பிட்டா என்கிட்ட சொல்வீங்களா? உயிரோட இருக்கான்னு மட்டும்?"

"மாட்டேன்" என்றார் வார்டன்.

அதுதான் சரியான பதில் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. "சரிங்க" என்று சொல்லிக் கைபேசியை வைத்தாள். பயிற்சி அறைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், தோளில் கட்டுப் பிரித்த ஒரு வயதான தச்சர் முறை வரக் காத்திருந்தார். வலிக்குமா என்று கேட்டார். வலிக்கும் என்றாள்.